வரிசையில் நிற்கும் கணக்குகள்

(தண்ணீர்மலை, பினாங்கு: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2004 டிசம்பர் 26 காலை, மலேசிய நேரப்படி ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, சுமத்ராவின் வடமேற்கே கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை பினாங்குக் கரைக்கு வந்து சேர்ந்தது அன்று பிற்பகலில். இடையில் மணிக்கணக்கில் நேரம் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள்.

அலை வந்து சேர ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பதை ஒரு சிறு சூத்திரம் சொல்லிவிடும். கடலின் ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டர்தான். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த கடல். அலை அதற்குள் நுழைந்ததும் வேகம் குறைந்தது. இந்தத் தீவில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கோ ஹாக் லை, தே சூ இயன் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு ‘டூனா’ என்ற கணிதப் போலச்செய்தல் நிரலை உருவாக்கி, அந்த அலை எப்படிப் பரவியது, மலேசியக் கரையை எப்படித் தாக்கியது என்று கணக்கிட்டது.

அத்தகைய கணக்கு எப்படிப் பெரிதாகிறது என்பதில்தான் இந்தப் பொழிவின் பொருள் தொடங்குகிறது. கடலைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் உயரத்தையும் வேகத்தையும் நொடிக்கு நொடி கணக்கிட வேண்டும். கரையோரக் கிராமத்தின் வளைவு நெளிவு தெரிய வேண்டுமானால் கட்டம் சிறிதாக இருக்க வேண்டும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். அத்துடன் நேரத்தையும் பாதிப் பாதி அடிகளாக வைத்துத்தான் முன்னேற முடியும். இல்லையெனில் கணக்கு நிலைகுலைந்துவிடும். கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூயி என்ற மூவர் இந்த நிபந்தனையை 1928இல், மின்னணுக் கணினி பிறப்பதற்கு முன்பே, தாளில் எழுதிக் காட்டினார்கள். ஆக ஒருமுறை பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு. மூன்று முறை பாதியாக்கினால் 512 மடங்கு. மேசைக் கணினியில் ஒரு மணி நேரத்தில் முடிந்த கணக்கு 21 நாள் இழுக்கும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்கள் மீக்கணினியிடம் போகிறார்கள். மீக்கணினி எந்தத் தனி ஆய்வாளருக்கும் சொந்தமாக இருப்பதில்லை. வானிலைக்காரர், மருந்து மூலக்கூறு ஆராய்பவர், விண்மீன் பேரடைகளைக் கணக்கிடுபவர், விமான இறக்கையைச் சுற்றிக் காற்று ஓடுவதைப் பார்க்கும் பொறியாளர் என நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். யாருடைய கணக்கு முதலில் ஓடும்? எத்தனை நேரம் ஓடும்? பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும்? கல்லூரிப் பாடத்திட்டங்கள் இயந்திரத்தின் வேகத்தைப் பற்றி நிறையச் சொல்கின்றன. இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நம் மாணவர்கள் பின்தங்குவது இந்த இடத்தில்தான்.

பகிர்வு புதிதாக வந்ததன்று. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து ஐபிஎம் 704 கணினிக்கு ஒரு மென்பொருள் எழுதின. ஒருவரின் வேலை முடிந்ததும் அடுத்தவரின் வேலையை மனிதக் கை படாமல் அது தொடங்கி வைத்தது. இந்தியாவில் 1964இல் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்கு வந்த சிடிசி 3600 நாட்டின் பல ஆய்வு நிறுவனங்களுக்குப் பொதுவாக உழைத்தது. 1973இல் ஜெர்மன் உதவியுடன் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்தது. நிரலைத் துளை அட்டைகளில் குத்தி, அந்தக் கட்டை வாங்கும் சாளரத்தில் கொடுத்துவிட்டு, பிறகு வந்து அச்சுத்தாளை வாங்கிப் பார்க்கும் காலம் அது. ஒரு காற்புள்ளி தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசி. அந்தத் தலைமுறை அட்டையைக் கொடுக்கும் முன் நிரலை மூன்று முறை படித்தது. இன்றைய மாணவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் தேவைப்படுகிறது.

தமிழகத்தில் பகிர்வுக் கணினியின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஒரு பெயர் ‘கப்ரு’. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய சென்னைக் கணித அறிவியல் நிறுவனம், தரமணியில் 2004இல் அதை எழுப்பியது. கஞ்சன்ஜங்காவுக்கு அருகே நிற்கும் ஓர் இமயச் சிகரத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் இரட்டைச் செயலிக் கணினிகள் 144ஐ வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் முப்பரிமாண வலையில் அண்டைக் கணினிகளோடு பிணைத்தார்கள். வேகம் ஏறத்தாழ ஒரு டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்கீடுகள். அந்த ஆண்டு வெளியான உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. குவார்க்குகள் எப்படிப் பிணைந்து புரோட்டானாகின்றன என்பது போன்ற கேள்விகளுக்கான கணக்குகளை ஓட்டுவதே அதன் முதன்மை நோக்கம். கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் என்று இருந்த ஒரு நிறுவனம், வெளிநாட்டு மீக்கணினி வாங்கக் காத்திராமல், கிடைத்த பாகங்களைக் கொண்டு தன் தேவைக்குக் கட்டிக்கொண்டது என்பது பெருமைக்குரிய செய்தி.

இப்போது திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ இயங்குகிறது. இந்தியாவின் தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்துக் கொடுத்த அது 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. திறன் 838 டெராஃப்ளாப். கப்ருவுக்கும் பரம் பொருளுக்கும் இடையே 18 ஆண்டுகள்; வேக வேறுபாடு 800 மடங்குக்கு மேல். சூட்டைத் தணிக்கத் திரவம் நேரடியாகச் செயலிகளை ஒட்டி ஓடுகிறது. மீக்கணினிக்குள் அடுக்கப்பட்ட தனிக் கணினி ஒவ்வொன்றையும் நோடு என்பார்கள். சாதாரண நோடு, ஜிபியு என்ற துணைச் செயலி பொருத்திய நோடு, நினைவகம் மிகுந்த நோடு என்று மூன்று வகை இருக்கின்றன. எந்த வகை தனக்கு வேண்டும் என்று பயனர்தான் சொல்ல வேண்டும்.

பினாங்குக்கு இன்னும் அருகில், சிங்கப்பூரின் தேசிய மீக்கணினி மையம் 2016இல் ஒரு பெட்டாஃப்ளாப் (ஆயிரம் டெராஃப்ளாப்) திறனுள்ள ‘ஆஸ்பையர் 1’ஐ ஓட்டத் தொடங்கியது. அடுத்து வந்த ‘ஆஸ்பையர் 2ஏ’ அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு பெரியது. அந்த மையத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர் பேராசிரியர் டான் டின் வீ. தமிழருக்கு அவர் வேறொரு வகையில் நெருக்கமானவர். 1990களின் நடுவில் சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழ் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியுடன் சேர்ந்து தமிழ் எழுத்துகளை இணையத்தில் ஏற்றியவர்களில் ஒருவர். திரையில் தமிழ் தெரிவதற்கு உழைத்த அதே மனிதர் பின்னாளில் ஒரு நாட்டின் மீக்கணினியைப் பலருக்கும் பங்கிட்டுத் தரும் பொறுப்பை ஏற்றார்.

இனி, வேலை ஒன்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம்.

மாணவர் தன் மடிக்கணினியிலிருந்து மீக்கணினியின் நுழைவு நோடுக்குள் போகிறார். அது வாசல் மட்டுமே. கோப்பு திருத்தலாம், சிறு சோதனை செய்யலாம், அவ்வளவுதான். கனமான நிரலை அங்கேயே ஓட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அப்போது உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் திரை உறைந்துபோகும். நிர்வாகி அந்த நிரலைக் கொன்றுவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்.

உண்மையான வேலை, உள்ளே இருக்கும் கணிப்பு நோடுகளில் நடக்கிறது. அங்கே போக ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அதன் தலைப்பில் சில வரிகள்: எத்தனை நோடு வேண்டும், ஒவ்வொன்றிலும் எத்தனை கோர் (செயலிக்குள் தனித்துக் கணக்கிடும் அலகு), எவ்வளவு நினைவகம், அதிகபட்சம் எத்தனை மணி நேரம். அதன் கீழே ஓட வேண்டிய கட்டளைகள். அதை வரிசையில் போட்டுவிட்டு மாணவர் வெளியேறிவிடலாம். வரிசையை நடத்துவது ஒரு மென்பொருள். அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் மையத்துக்காக 1991இல் தொடங்கப்பட்ட பிபிஎஸ், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2000களின் தொடக்கத்தில் பிறந்த ஸ்லர்ம் ஆகிய இரண்டும் புகழ்பெற்றவை. உலகின் பெரிய மீக்கணினிகளில் பாதிக்கு மேல் இன்று ஸ்லர்மைப் பயன்படுத்துகின்றன.

கேட்ட நேரம் தீர்ந்தால் மென்பொருள் வேலையை நிறுத்திவிடும். கேட்ட நினைவகத்தைத் தாண்டினாலும் அதேதான். இந்தக் கண்டிப்பு புதியவர்களை அச்சுறுத்துகிறது. அச்சத்தில் அவர்கள் அதிகமாகக் கேட்கிறார்கள். மூன்று மணி நேர வேலைக்கு 24 மணி நேரம், 8 ஜிபி போதுமான இடத்தில் 128 ஜிபி. கேட்டது கிடைக்கும்; ஆனால் காத்திருப்பு நீளும். ஏன் நீளுகிறது என்று புரிந்துகொள்ளச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

100 நோடு உள்ள ஓர் இயந்திரம் என்று கொள்வோம். ஒரு வேலை 60 நோடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிய இன்னும் ஆறு மணி நேரம். மீதி 40 காலி. வரிசையின் முதலில் நிற்கும் வேலைக்கு 80 நோடு வேண்டும். அது ஆறு மணி நேரம் காத்திருந்தே ஆக வேண்டும். வந்த வரிசைப்படி மட்டுமே விடுவது என்றால், அதுவரை 40 நோடுகள் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும். பின்னால் நிற்கும் ஒரு சிறிய வேலை 30 நோடுகளும் நான்கு மணி நேரமும் கேட்கிறது. அதை இப்போதே உள்ளே விட்டால் ஆறாவது மணிக்கு முன்பே முடிந்து வெளியேறிவிடும். பெரிய வேலைக்கு ஒரு நிமிடமும் தாமதமில்லை. ஆகவே மென்பொருள் அதை முந்த விடுகிறது.

கல்யாண வீட்டுப் பந்தியில் இது நமக்குப் பழக்கமானதுதான். பத்துப் பேர் சேர்ந்து உட்கார இடம் தேடி ஒரு குடும்பம் நிற்கும். அவர்களுக்கு வரிசை ஒழியும் முன், ஓரத்தில் காலியான இலையில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

அந்தச் சிறிய வேலைக்குப் பதிலாக, முப்பது நோடு கேட்கும் வேறொரு வேலை அங்கே நிற்கிறது என்று கொள்வோம். உண்மையில் மூன்று மணி நேரத்தில் முடியக்கூடியது. ஆனால் எழுதியவர் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் கேட்டிருக்கிறார். மென்பொருள் அதை உள்ளே விடாது. ஆறாவது மணியில் பெரிய வேலை 80 நோடுகளை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 20. இதற்கு 30 வேண்டும். ஆகவே மூன்று மணி நேர வேலை, பெரிய வேலை முழுதும் முடியும் வரை நிற்கிறது. அதை நிறுத்தி வைத்தது அந்த ‘24’ என்ற எண்.

இந்த முறையை 1995இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் டேவிட் லிஃப்கா வகுத்துக் காட்டினார். இன்றைய ஒதுக்கீட்டு மென்பொருள்களில் பெரும்பாலானவை அதன் ஏதாவது ஒரு வடிவத்தைக் கையாள்கின்றன. அதன் அழகு என்னவென்றால், தன் தேவையைச் சரியாகச் சொல்பவருக்கு அது பரிசு தருகிறது. யாரையும் கண்காணிக்கவோ அதட்டவோ வேண்டியதில்லை. பொது வளங்களைப் பங்கிடும் முறைகளில் இத்தனை நியாயமானவை அரிது என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் மக்கள் சரியாகச் சொல்வதில்லை. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் டிரோர் ஃபைட்டல்சன் பல மீக்கணினிகளின் வேலைப் பதிவேடுகளைத் திரட்டிப் பொது ஆவணக் களஞ்சியமாக வைத்திருக்கிறார். அவரும் அஹுவா முஅலெமும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, பயனர்கள் கேட்கும் நேரத்துக்கும் வேலை உண்மையில் ஓடும் நேரத்துக்கும் உள்ள பெரிய இடைவெளியைப் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக் காட்டியது. கேட்கும் எண்களோ ஒரு மணி, நான்கு மணி, பன்னிரண்டு மணி என்று முழு எண்களில் குவிகின்றன. பலர் கணக்கிடாமல், கைக்கு வந்ததை எழுதுகிறார்கள் என்பதற்கு இது போதுமான சான்று.

இதற்கு மருந்து எளியது. முதலில் சிறிய கட்டத்தில், சில நிமிடங்களுக்கு ஒரு சோதனை ஓட்டம். வேலை முடிந்ததும் எவ்வளவு நேரமும் நினைவகமும் உண்மையில் செலவாயின என்று ஸ்லர்மிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதன்மீது இருபது முப்பது விழுக்காடு கூட்டிக் கேட்டால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். சுனாமிக் கணக்கைப் போன்றவற்றில் ‘பாதிக் கட்டத்துக்கு எட்டு மடங்கு’ என்ற விதி கையில் இருப்பதால், சிறிய ஓட்டத்தின் நேரத்திலிருந்து பெரிய ஓட்டத்தின் நேரத்தை முன்கூட்டியே கணித்துவிடலாம்.

வரிசையில் யார் முன்னால் என்பதை இன்னொரு கணக்கும் தீர்மானிக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜூடி கே, பியர்ஸ் லாடர் இருவரும் 1988இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய நியாயப் பங்கு முறை அது. அண்மையில் அதிகம் பயன்படுத்திய குழுவின் முன்னுரிமை இறங்கும். நெடுநாள் வராதவர் வந்தால் ஏறும். பழைய பயன்பாடு மெல்ல மறக்கப்படும். ஸ்லர்மின் இயல்பு அமைப்பில் ஏழு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகிறது. ஒரு குழு இன்று 10,000 கோர்-மணி செலவழித்தால், அடுத்த வாரம் அது 5,000 ஆகவும் அதற்கடுத்த வாரம் 2,500 ஆகவும் கணக்கில் நிற்கும். பெரிய பேராசிரியரின் குழு இரவும் பகலும் இயந்திரத்தை ஆண்டுகொண்டிருக்க, முதல் முறை வந்த முதுநிலை மாணவி வாசலிலேயே நிற்கும் நிலையை இந்தச் சிறு கணக்கு தடுக்கிறது.

எல்லாருக்கும் ஒரே நீதி என்பதற்கு விலக்கும் உண்டு. புனேயிலும் நொய்டாவிலும் 2018இல் நிறுவப்பட்ட ‘பிரத்யூஷ்’, ‘மிஹிர்’ ஆகியவையும், 2024இல் அங்கே வந்த ‘அர்கா’, ‘அருணிகா’ ஆகியவையும் இந்திய வானிலை, பருவநிலைக் கணிப்புக்கென ஒதுக்கப்பட்டவை. நாளைய மழையை நாளை மறுநாள் சொல்லிப் பயனில்லை. அன்றாட முன்னறிவிப்புக்கான ஓட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியாக வேண்டும்; ஆய்வு வேலைகள் வழிவிட வேண்டும். வழிவிடுவதே சரி.

கோர்களை எண்ணிக்கையில் குவித்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையும் வரிசையை நீளமாக்குகிறது. ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன கணக்கு இதற்கு எல்லை கட்டுகிறது. ஒரு நிரலில் ஐந்து விழுக்காடு மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி என்றால், எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. 16 கோரில் அது 9 மடங்கு வேகமாக ஓடும். 256 கோரில் 18.6 மடங்கு. பதினாறு மடங்கு வளத்தை விழுங்கிவிட்டு இரு மடங்கு வேகம் மட்டும் தருகிறது. அந்த 256 கோரைப் பதினாறு பேருக்குத் தலா பதினாறாகக் கொடுத்திருந்தால் பதினாறு ஆய்வுகள் நடந்திருக்கும். தன் நிரல் எத்தனை கோர் வரை பயன் தருகிறது என்று 1, 2, 4, 8, 16 என ஓட்டிப் பார்த்து ஒரு வரைபடம் போட்ட பிறகே பெரிய வேலைக்கு விண்ணப்பிப்பது ஆய்வாளரின் கடமை. பல மையங்கள் அதிக நேரம் ஒதுக்கக் கேட்கும் விண்ணப்பத்துடன் இந்த வரைபடத்தையும் கேட்கின்றன.

இயந்திரம் பெரிதாகப் பெரிதாக அதன் ஏதோ ஓர் உறுப்பு பழுதாகும் வாய்ப்பும் பெருகுகிறது. ஆயிரம் நோடுகளில் ஓடும் வேலை, ஒரு நோடு விழுந்தாலும் நின்றுபோகும். அதனால் இடையிடையே கணக்கின் நிலையை வட்டில் எழுதி வைக்கிறார்கள். செக்பாயின்ட் என்பது அதன் பெயர். அடிக்கடி எழுதினால் எழுதுவதிலேயே நேரம் போகும். அரிதாக எழுதினால் விழும்போது நிறைய இழப்பு. ஜான் யங் 1974இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்: எழுத ஆகும் நேரத்தையும் இரு பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எழுத இரண்டு நிமிடம், பழுது நாளுக்கு ஒன்று என்றால் 76 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதலாம். செக்பாயின்ட் உள்ள நிரலுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. 72 மணி நேர வேலையை ஆறு மணித் துண்டுகளாக வெட்டி அனுப்பலாம். சிறு துண்டுகள் வரிசையின் இடைவெளிகளில் நுழைந்துவிடும்.

எழுதி வைத்த கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் 2021 டிசம்பர் நடுவில் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 14 ஆய்வுக் குழுக்களின் ஏறத்தாழ மூன்றரைக் கோடிக் கோப்புகள். காப்பு எடுக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை அதன்மேல் எழுதினார்கள். பழைய பதிவுகளை நீக்க வேண்டிய கட்டளை, ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கியது. சில குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. மீக்கணினியின் வேகமான வட்டு வேலை நடக்கும்வரை கோப்புகளைப் போட்டு வைக்கும் இடம். பல மையங்கள் நெடுநாள் தொடாத கோப்புகளை அங்கிருந்து தாமே நீக்கிவிடுகின்றன. முடிவுகளை உடனே வேறிடத்துக்கு மாற்றுவது பயனரின் பொறுப்பு.

கடவுச்சொல்லும் அப்படித்தான். 2020 மே மாதம் எடின்பரோவின் ‘ஆர்ச்சர்’ முதல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மையங்கள் வரை ஐரோப்பாவின் பல மீக்கணினிகள் வாசலை மூட நேர்ந்தது. களவுபோன பயனர் சான்றுகளைக் கொண்டு அந்நியர்கள் உள்ளே வந்திருந்தார்கள். கொரோனா ஆய்வுக்கு ஒவ்வொரு மணியும் தேவைப்பட்ட காலம் அது. ஒரு பயனரின் கணக்கைப் பிறர் திருடினால் வாசல் எல்லாருக்கும் மூடப்படுகிறது. நண்பருக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. அது இங்கே செல்லாது.

ஆழிப்பேரலைக் கணக்கு வரிசையில் நிற்க முடியாதே, நில அதிர்வு நேர்ந்த பிறகு யார் காத்திருப்பார்கள் என்று கேட்கலாம். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இதற்கு நல்ல விடை கண்டது. அதிர்வு நேரக்கூடிய இடங்கள், அளவுகள், ஆழங்கள் எனப் பலவற்றை வைத்து முன்கூட்டியே ஆயிரக்கணக்கான கணக்குகளை ஓட்டி முடித்துத் தரவுத்தளத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதிர்வு வந்ததும் அதற்கு நெருங்கிய காட்சியைத் தேடி எடுத்தால் போதும். இப்படி ஒன்றையொன்று சாராத சிறு வேலைகள் பகிர்வு இயந்திரத்துக்கு மிகவும் பொருத்தமானவை. ஒரே ஸ்கிரிப்டில் ‘1 முதல் 1000 வரை’ என்று எழுதி வேலைத் தொடராக அனுப்பினால், இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக ஓடி முடியும். ஆயிரம் முறை கையால் அனுப்பி ஒதுக்கீட்டு மென்பொருளைத் திணறடிக்க வேண்டியதில்லை.

இந்த அறிவு பினாங்குக்கு ஏன் வேண்டும்? மீக்கணினிகளில் ஓடும் செயலிகளை உருவாக்கும் தொழில் இந்தத் தீவுக்கு அரை நூற்றாண்டாகப் பழக்கமானது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெலின் முதல் ஆலை 1972இல் பாயான் லெப்பாஸில்தான் எழுந்தது. ஏஎம்டியும் அதே காலத்தில் வந்தது. நம் குடும்பங்களில் பலர் அந்தத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள். செயலியைப் பொருத்தி, சோதித்து, பெட்டியில் அடைத்து அனுப்பிய கைகள் இங்கே நிறைய உண்டு. அதே செயலி ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட இயந்திரத்தில் தன் சொந்தக் கேள்வியைக் கணக்காக எழுதி அனுப்பும் தமிழ் மாணவர்கள் அந்த அளவுக்கு இல்லை. இது வருத்தத்துக்குரியது, திருத்தக்கூடியதும் ஆகும்.

திருத்தப் பெரும் பணம் தேவையில்லை. ஸ்லர்ம் கட்டற்ற மென்பொருள், லினக்ஸ் இயக்குதளமும் அப்படியே. அலுவலகங்கள் கழித்துவிடும் நான்கு பழைய மேசைக் கணினிகள், ஒரு சுவிட்ச், சில கம்பிகள் இருந்தால் ஓர் அறையில் பயிற்சிக் கிளஸ்டர் கட்டிவிடலாம். வேகம் இராது. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுவது, நேரம் கேட்பது, வரிசையில் காத்திருப்பது, நேரம் தீர்ந்து வேலை கொல்லப்படுவதைக் கண்ணால் பார்ப்பது, செக்பாயின்டிலிருந்து மீண்டும் தொடங்குவது ஆகிய எல்லாவற்றையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். பல்கலைக்கழக மீக்கணினியில் காலடி வைக்கும் நாளில் அந்த மாணவர் புதியவராக இருக்க மாட்டார்.

இந்தப் பொழிவை நடத்தும் அறங்காவலர்களும், தண்ணீர்மலையைச் சுற்றியுள்ள தமிழ் அமைப்புகளும், ஆறாம் படிவத்திலும் பல்கலைக்கழக முதலாண்டிலும் படிக்கும் மாணவர்களுக்காக அப்படி ஒரு பயிற்சி அறையை அமைத்துத் தர வேண்டும் என்பது இந்தப் பொழிவின் வேண்டுகோள். அறையும் மின்சாரமும் ஒரு வழிகாட்டியும் கிடைத்தால் விடுமுறை மாதத்துக்குள் முதல் குழு பயின்றுவிடும். ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாணவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லி, உங்கள் பல்கலைக்கழகக் கிளஸ்டரில் கணக்கு கேட்டு விண்ணப்பியுங்கள். முதல் வேலையை ஒரு கோர், பத்து நிமிடம் என்று கேட்டு அனுப்பிப் பாருங்கள்.